முன்னால் தள்ளிய சீட்

எண்பதுகளில், நியூ ஜெர்சியில் எனக்கு முதல் டிசம்பர். மெட்ராஸ் வழக்கப்படி என் பழைய காரின் ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிறுத்திவிட்டு, தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டேன். இன்ஜினியர் என்று பெயர்! ஆறு வாரம் கழித்து வந்தால், தண்ணீர் உறைந்து இன்ஜினே விரிசல் விட்டிருந்தது.

"பச்சைத் தண்ணியே விட்டனீங்கள், தம்பி?" என்று கேட்டபடி கீழ்வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர் குனிந்து பார்த்தார். ஆறடிக்கு மேல் உயரம், காதை மூடிய கம்பளித் தொப்பி. தன் காரை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் பஸ்ஸில் வேலைக்குப் போனார்.

அவரிடம் இன்னொரு கார் இருந்தது. விசாவுக்குக் காத்திருந்த மனைவிக்காக வாங்கி, உறை போட்டு நிறுத்தியிருந்தார். குளிர்காலச் சனிக்கிழமைகளில் உறையை விலக்கி, ரேடியேட்டர் தண்ணீரை உறையவிடாத ஆன்டிஃப்ரீஸ் குளிரைத் தாங்குமா என்று சோதித்துவிட்டு, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுவார். உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கில் இடிக்கும்.

"சீட்டைப் பின்னாடி தள்ளிக்கலாமே, சார்?" என்றேன்.

"அவ என்ர தோளுக்குத்தான் வருவா. அவவின்ர அளவுக்கு வச்சிருக்கிறன். அப்பிடியே இருக்கட்டும்."

மூன்று குளிர்காலம் பார்த்தேன். டெக்ஸாஸுக்கு வேலை மாறி, ஒரு சனிக்கிழமை விடைபெறப் போனேன். அன்றும் அந்த சீட்டில்தான் மடங்கி உட்கார்ந்திருந்தார். எனக்குக் கை கொடுக்க இறங்கியவருக்கு, காலை நீட்டி நிமிரவே ஒரு நிமிடம் பிடித்தது.