துண்டுக்கு அடியில் என் கை

என்னை யாராவது தொட்டால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். இப்போது அதற்கெல்லாம் ஏதோ பேர் வைத்திருக்கிறார்களாம். என்னைப் பார்த்த பெரியாஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு பேரும் தெரியவில்லை. "பைத்தியமெல்லாம் இல்லை. பிறவியிலேயே அமைப்பு அப்படி. மருந்து கிடையாது, போ" என்று அனுப்பிவிட்டார்.

யுத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினவர்கள் திரும்பிக்கொண்டிருந்த சமயம், மயிலாப்பூரில் கெம்புக்கல் வியாபாரம் செய்த ஒரு பாயிடம் எனக்கு வேலை கிடைத்தது. கல்லைத் தரம் பிரிக்க வேண்டும். அதற்கு முன்னால் சேர்ந்த இடத்திலெல்லாம் துரத்திவிட்டார்கள். தேனாம்பேட்டை வீட்டிலிருந்து கிளம்பும்போதே அப்பா மிரட்டினார். "டாக்டர் சொன்னதை அங்க போய் உளறிக்கினு இருக்காதே. இதுவும் பூட்ச்சின்னா வூட்டுப் பக்கம் வராதே, ஆமா!" நானும் வாயை மூடிக்கொண்டுதான் போனேன்.

அந்தத் தொழிலில் விலையை வாயால் பேச மாட்டார்கள். கையின் மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே ஒருத்தர் விரலை ஒருத்தர் அமுக்கித்தான் பேசுவார்கள். பக்கத்தில் இருக்கிறவனுக்கு விலை தெரியக் கூடாதே! எந்த விரலுக்கு எவ்வளவு என்று பாய் தன் விரலிலேயே தொட்டுக் காட்டினார். நமக்கெங்கே அந்த வேலை வரப்போகிறது என்று அசட்டையாக இருந்துவிட்டேன்.

வந்தது. பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் மாம்பலத்து நகைக்கடைக்காரர் வந்தார். பழைய வாடிக்கை. கல்லைப் பார்த்தார், துண்டைப் போட்டார், லபக்கென்று என் விரலைப் பிடித்தார். "ஐயோ, விடு!" என்று கத்திக் கையை உதறினேன். கல்லெல்லாம் தரையில் சிதறிற்று. பாதியில் கையை இழுத்தால், 'உன்னோடு வியாபாரமே வேண்டாம்' என்று அர்த்தமாம். மனுஷர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பவும் பாய் படியேறவும் சரியாக இருந்தது.

"திமிரா தம்பி?" என்றார் பாய்.

கையில் புண் என்று புளுகியிருக்கலாம். எனக்குப் புளுகவும் வராதே! "திமிர் இல்லை பாய். யார் தொட்டாலும் தாங்காது. பிறவிக்கோளாறுன்னு டாக்டரே சொல்லிட்டார்" என்று தரையைப் பார்த்தபடி சொன்னேன். நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்து நிற்கிற மாதிரி கூசிற்று.

"பெத்த தாயையும் தொட மாட்டியா?"

"மாட்டேன்."

அதைச் சொன்னபோதுதான் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. பாய் குனிந்து கல்லைப் பொறுக்கினார். எங்கே வேலை போச்சு என்று சொல்லப்போகிறாரோ என்று காத்திருந்தேன்.

"முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நாளைக்கு வா. நீ கல்லைப் பாரு. கையைக் குடுக்கறதை நான் பாத்துக்கறேன்."

தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் பாய் கடைக்கு வந்து எல்லோரையும் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னார். கணக்கப்பிள்ளையை, பட்டை தீட்டுகிறவரை, கோபம் தணிந்து வந்திருந்த மாம்பலத்துக்காரரைக்கூட. என் முன்னால் வந்ததும் விரித்த கையை இறக்கி, தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, "நல்லா இருப்பா" என்று தலையசைத்தார். நான் சொன்னதை மறக்காமல்தான் செய்தார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

எரிந்தால் எரியட்டும், என்னையும் ஒரு தடவை கட்டிக்கொள்ளுங்கள் பாய் என்று கேட்க அவ்வளவு ஆசையாக இருந்தது. வாய் வரவில்லை. அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.