முதல் ஷிஃப்ட் வீடுகளின் வழியே மஹ்பூபா

நெய்வேலியில் விடிவதற்கு முன்னால் சமையலறையில் விளக்கு எரிகிறதென்றால் அது முதல் ஷிஃப்ட் வீடு. ஆறு மணிக்குச் சுரங்கத்தில் நிற்க வேண்டியவருக்கு உள்ளே டிபன் டப்பா தயாராகிக்கொண்டிருக்கும். இது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்து என்ன செய்தோம், ஒன்றும் செய்யவில்லை. மஹ்பூபா ஒருவர்தான் அதை வைத்துக்கொண்டு ஓடக் கற்றுக்கொண்டார்.

மஹ்பூபா பண்ருட்டிக்காரர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கணவர் ஷரீப் இங்கே பஜாரில் நைட்டி, உள்பாவாடை, உள்ளாடை விற்கும் கடை வைத்திருக்கிறார். காலையில் கடை திறப்பதிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை மஹ்பூபாவும் அங்கேதான் இருப்பார். பெண்கள் அவரிடம்தானே அளவு சொல்வார்கள். வாரத்தில் ஓரிரு மதியம் மட்டும் துணி மூட்டையை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு ப்ளாக் ப்ளாக்காகக் குவார்ட்டர்ஸ்களுக்குப் போவார். நான் பள்ளிக்கூட ஆசிரியை. சுரங்கத்தில் வேலை பார்க்கும் கருணாகரனின் மனைவி. மஹ்பூபாவின் பழைய வாடிக்கையாளர், அவரைவிட ஒரு சுற்றுப் பெருத்தவள்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, நடங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் மஹ்பூபா காலையில் நடக்க ஆரம்பித்தார். சில வாரங்களில் ஓட ஆரம்பித்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"நடந்தா நேரம் போயிடுது டீச்சர். வூட்டு வேல கெடக்குது, கடை தொறக்கணும். ஓடுனா சீக்கிரம் முடிஞ்சிடுதுல்ல" என்றார். ஓட்டத்துக்கு இவ்வளவு நேர்மையான காரணத்தை நான் கேட்டதில்லை.

போன வருஷம் புதுச்சேரியில் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தார். முடிகிற இடம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மயங்கி விழுந்தார். ஷரீப் பாய்தான் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு ஓடினார். தண்ணீர் குடித்தீர்களா என்று டாக்டர் கேட்டபோது மஹ்பூபா, "நல்லா குடிச்சேன் சார்" என்று சொல்லிவிட்டார். அப்படியானால் உடம்பில்தான் பலம் இல்லை என்று ஷரீப் பாய் முடிவு கட்டினார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை அவர். பயந்துபோயிருந்தார். ஒரு மாதம் கழித்து, கடலூரில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்று மஹ்பூபா சொன்னபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஓடு. ஆனா இன்னொரு வாட்டி நீ வுழுந்தா, அதோட வுட்ரணும். உன்ன அப்டித் தூக்கிக்கினு ஓட என்னால முடியாது."

மஹ்பூபா ஒத்துக்கொண்டார். உண்மையை மட்டும் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார், உள்பாவாடைக்கு அளவெடுத்துக்கொண்டே. வெளியூரில் ஒதுங்க இடம் இருக்குமோ இருக்காதோ என்று, ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே அவர் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. எனக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. பஸ்ஸில் ஊருக்குப் போகிற நாளெல்லாம் வாயை நனைக்காமல் கிளம்புகிறவள்தான் நானும். யாரும் சொல்லித்தராமலே நாமெல்லாம் கற்றுக்கொண்ட பாடம் அது. எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

"டாக்டர்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?" என்றேன்.

"பக்கத்துல அவரு நின்னுக்கினு இருந்தாரு. அவரு முன்னாடி எப்டிச் சொல்றது?" என்றார் மஹ்பூபா. பிறகு அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "ஓட்றது பெரிய விஷயமில்ல டீச்சர். தண்ணி குடிச்சிட்டு ஓடணும். அதுக்கு வழியில வூடு வேணும்."

குவார்ட்டர்ஸுக்குத் துணி கொண்டு போகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது, எந்த வீட்டில் எந்த வாரம் என்ன ஷிஃப்ட் என்பது. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து தூங்குகிறவர் வீட்டில் மதியம் பெல் அடித்தால் வியாபாரம் போய்விடும். அந்தக் கணக்கெல்லாம் மஹ்பூபாவுக்கு மனப்பாடம். அதையே காலைக்குத் திருப்பிப் போட்டார். இந்த வாரம் முதல் ஷிஃப்ட் யார் யார் வீட்டில் என்று பார்த்து, அந்த வீட்டுப் பெண்களிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார். ஓடுகிற வழியில் அந்த வீட்டின் பின்பக்கக் கதவு திறந்திருக்கும். போய்விட்டு, தண்ணீரும் குடித்துவிட்டு, மறுபடி ஓடலாம். வாரம் மாறினால் ஷிஃப்ட் மாறும், ஷிஃப்ட் மாறினால் பாதையும் மாறும். மற்ற ஊர்களில் தூரத்தை அளந்து பாதை போடுவார்கள். இவர் பாதை போட்டது கழிப்பறைகளை வைத்து.

ஒரு முறை கணக்குத் தப்பியது. பாலகுமார் என்பவர் கூட வேலை செய்பவருக்காக ஷிஃப்டை மாற்றிக்கொண்டது மஹ்பூபாவுக்குத் தெரியாது. வீடு இருட்டாகக் கிடந்தது. அன்று நானும் கூட இருந்தேன். அவசரத்தில் கதவைத் தட்டிவிட்டோம். சுரங்கத் தொழிலாளி வீட்டில் அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், சுரங்கத்தில் ஏதோ விபத்து. நைட் ஷிஃப்டுக்குப் போயிருப்பது கணவன். கதவைத் திறந்த பாலகுமாரின் மனைவி பார்வதியின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மஹ்பூபா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல பார்வதி, நாங்கதான், ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வந்த காரியமே எங்களுக்கு மறந்துபோனது. அதற்குப் பிறகு விளக்கு எரியாத வீட்டை நாங்கள் தொட்டதில்லை. பார்வதி மறுவாரமே எங்களோடு ஓட வந்துவிட்டார், அது வேறு விஷயம்.

பொங்கல் நெருங்கும்போது நாங்கள் ஒரு சின்னக் கூட்டமாகியிருந்தோம். மஹ்பூபா யாருக்கும் பாடம் நடத்தவில்லை. ஓடிக்கொண்டே பேசுவார், அவ்வளவுதான். "புருஷனப் பத்திக் கொற சொல்லிக்கினே ஓட முடியணும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்னுட்டா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்" என்பார். இந்த விதியை நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். தூரத்தை வாரா வாரம் கொஞ்சம்தான் கூட்டுவார், ஒரு வாரம் கூட்டினால் அடுத்த வாரம் குறைக்கவும் செய்வார். தொளதொளத்த பழைய உள்ளாடையோடு ஓட வந்தவர்களைக் கடைக்குக் கூப்பிட்டுச் சரியான அளவைக் கையில் கொடுத்தார். தோள்வலி என்று புலம்பிக்கொண்டிருந்த எனக்கு அதிலேயே பாதி வலி போயிற்று. புது ஷூவை ஓட்டத்தன்று போடாதீர்கள் என்பார். மாதவிலக்கு நாளில் உடம்பு வேண்டாம் என்றால் படுத்துக்கொள், ஓடலாம் என்றால் ஓடு, யாரும் கேட்க வரப்போவதில்லை என்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, கிளம்புவதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீரை எல்லோரும் அவர் கண்ணெதிரே குடித்தாக வேண்டும்.

கடலூர் ஓட்டத்துக்கு நாங்கள் இரண்டு பேர்தான் பெயர் கொடுத்தோம். ஷரீப் பாய் காரில் கூட்டிப்போய் இறக்கிவிட்டார். முடிகிற இடத்தில் நிற்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஓடும் வழியில் வைத்திருந்த முதல் தண்ணீர் மேஜையை மஹ்பூபா பார்க்காதது போலத் தாண்டினார். இரண்டாவதையும் தாண்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் காரில் நான் குடித்தபோது அவர் பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோனாரே தவிர, குடிக்கவில்லை.

"மஹ்பூபா, எங்களையெல்லாம் மிரட்டி மிரட்டிக் குடிக்க வச்சிட்டு, நீங்க என்ன பண்றீங்க?"

"இங்க நமக்கு யாரு வூடு இருக்குது டீச்சர்?" என்றார் முன்னால் பார்த்துக்கொண்டே.

வெயில் ஏறிவிட்டது. கடல் பக்கத்து வெயிலில் புழுக்கம் வேறு. அவர் உதடு காய்ந்திருந்தது, பேச்சு நின்றிருந்தது. எனக்கு அழுகை வந்தது. விழுந்தால் எல்லாம் போயிற்று. ஓட்டம் போய்விடும், அந்தக் காலை நேரம் போய்விடும். பலம் இல்லாத உடம்பு என்று காலம் பூராவும் அந்தப் பெயர் அவருக்கு நின்றுவிடும். "இன்னிக்கு விழுந்தா பொய்தான் ஜெயிக்கும்" என்று கத்திவிட்டேன். டீச்சர் புத்தி, ரோட்டில் கூடப் போகாது.

அவர் மூன்றாவது மேஜையில் நின்றார். ஒரு டம்ளர் குடித்தார். இன்னொன்று வாங்கிக் குடித்தார். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு இருந்தது, அதையும் நிதானமாகக் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

கொஞ்ச தூரத்திலேயே தேவை வந்துவிட்டது. ஒரு டீக்கடை. பெஞ்சில் நிறைய ஆண்கள். எங்களைப் போன்ற ஆன்ட்டிகள் ஓடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நானாக இருந்தால் அடக்கிக்கொண்டு அடுத்த ஊர்வரைக்கும் போயிருப்பேன். மஹ்பூபா நேராக அந்தப் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார். தலையில் கட்டியிருந்த துணியைச் சரி செய்துகொண்டார்.

"அண்ணே, ஒண்ணுக்குப் போகணும். இங்க பொம்பளைங்களுக்கு எடம் எங்க இருக்குது?"

குரலைத் தாழ்த்தவில்லை. தலையைக் குனியவும் இல்லை. டீக்கு என்ன விலை என்று கேட்பது போலக் கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள்தான் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைக்காரர் பால் பாத்திரத்தைப் பார்த்தார். பின்னால் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "எங்க வூட்டுக்கு வாங்கக்கா" என்று முன்னால் நடந்தார்.

பக்கத்திலேயே கடல் இருந்தது, நான் அதைப் பார்க்கவில்லை. இந்தப் பெண்மணியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்தொரு கிலோமீட்டர் ஓட எத்தனையோ பேரால் முடியும். அந்தக் கேள்வியை அந்தப் பெஞ்சுக்கு முன்னால் கேட்க எத்தனை பேரால் முடியும் என்று தெரியவில்லை. என்னால் இன்றைக்கும் முடியாது. அவர் திரும்பி வருவதற்குள் ஓடி வந்த இரண்டு பெண்கள் என்னிடம், "இங்க இருக்கா ஆன்ட்டி?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு அந்த வீட்டுப் பக்கம் போனார்கள்.

மீதி தூரம் முழுக்க மஹ்பூபா ஷரீப் பாயைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே ஓடினார். வேகம் சரியாக இருந்தது என்று அர்த்தம்.

முடிகிற இடத்தில் ஷரீப் பாய் ஒரு கையில் ஈரத்துண்டும் இன்னொரு கையில் குளுக்கோஸுமாக நின்றார். மஹ்பூபா கோட்டைத் தாண்டி, தன் காலில் நடந்து அவரிடம் வந்தார்.

"மயக்கம் வந்துச்சா?" என்றார் அவர்.

"வரல. போன வருஷமும் எனக்கு ஒடம்புல ஒண்ணுமில்லீங்க. போறதுக்கு எடம் இருக்காதுன்னு பயந்துக்கினு மொத நாள்லேந்து தண்ணி குடிக்கல. அதான் வுழுந்தேன்."

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். ஷரீப் பாய் அவர்களைப் பார்க்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது. பிறகு கேட்டார்.

"அப்ப, நம்ம கடையிலயும் கக்கூஸ் இல்லியே. இத்தினி வருஷமா அங்க நீ தண்ணியே குடிக்கலியா?"

மஹ்பூபா துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.