செசிலி வளர்த்த கரிக்காடு

ஒரு தகட்டில் சில இடத்தில் கரி முளைக்கவில்லை. தகட்டைத் தொடக்கூடியவர்கள் இருவர்: ஒருவர் பேராசிரியர், மற்றவள் மீன்காரி மகள். தப்பு யாருடையது என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நேரமே ஆகவில்லை.

மீன்காரி மகள் செசிலி, குளச்சல்காரி. அம்மா ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றுப் படிக்கவைத்தாள். இந்த 2012இல் முனைவர் பட்டத்துக்காக அவள் செய்துவருவது காடு வளர்க்கும் வேலை. சிலிக்கான் தகட்டின்மேல் துளையிட்ட மூடியை வைத்து, இரும்பைப் புள்ளி புள்ளியாகப் படியவைப்பாள். விரல் உரசினாலே போய்விடும் மெல்லிய புள்ளிகள். உலையில் வைத்து அசிட்டிலீன் வாயுவைச் செலுத்தினால், இரும்பு உள்ள இடத்தில் மட்டும் நுண்ணிய கரிக்குழாய்கள் தோப்புத் தோப்பாக எழும்பும். மற்ற இடம் மொட்டை. கரிக்குச் சாதி தெரியாது. இரும்பு மட்டுமே தெரியும்.

ஆயுதபூஜைக்கு முன், வழிகாட்டிப் பேராசிரியர் குமாரதாஸ், "உங்க ஆளுகளுக்கு இதொண்ணும் பழக்கம் இல்லியே, நீ வரண்டாம்" என்றார். அவள் போகவில்லை. விடுமுறை முடிந்து வந்தபோது உலையிலும் பம்பிலும் திருநீற்றுப் பட்டை. அவள் இரும்புப் புள்ளி வைத்து மேசைமேல் விட்டுப்போன தகடு பளிச்சென்று இருந்தது. உலையில் வைத்தாள். எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், காட்டுக்கு நடுவே குறுக்காக மூன்று மொட்டைப் பட்டைகள்.

"கையைக் கழுவிட்டுத்தான் தொட்டியா? மீன் கையில உப்பு இருக்கும்லா" என்றார் குமாரதாஸ்.

"கையுறை போட்டுருந்தேன் சார்."

"உறைக்குள்ளயும் உப்பு ஊறும்."

"எனக்க உப்பு இப்பிடி மூணு வரியாவா சார் ஊறும்? தகட்டுக்கும் திருநீறு போட்டியளா?"

"போட்டா என்ன? துடைச்சுத்தானே வச்சேன்!"

அதே நாளில் இரும்பு வைத்துப் பெட்டிக்குள் பூட்டியிருந்த இன்னொரு தகட்டை அன்றே உலையில் வைத்தாள். ஒரு புள்ளி விடாமல் முளைத்தது. மறுநாள், அவளை ஆராய்ச்சியிலிருந்து நீக்கும்படி முதல்வரிடம் சொன்னார் குமாரதாஸ். காரணம்: சுத்தக்குறைவு.

வீட்டில் அம்மா அழுதாள். "பங்குச் சாமியாரைக் கூட்டிட்டுப் போயி அந்த அடுப்பை மந்திரிப்பமா மக்கா?"

"வேண்டாம்மா. ஒருத்தர் மந்திரிச்சதுக்கே இந்தப் பாடு."

வரும் திங்கட்கிழமை விசாரணை. குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் குமாரதாஸின் சகாக்கள். செசிலி தன் பக்கம் வெளியாள் ஒருவரை அழைத்துவரலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியம். அறிவியல் படித்தவரே, அன்றைக்கு ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு வாருங்கள். இரண்டு தகடுகளையும் பார்த்து, கண்டதைக் குழுவின் முன்னால் உரக்கச் சொல்லுங்கள்.