சுவரில் ஏழு வண்டிகள்

எங்கள் ஊர் பெயிண்டர் மலையாண்டிக்கு அரக்கன் முகத்தைத் தவிர வேறு பயங்கரமான முகம் எதுவும் வரையத் தெரியாது. குளத்தூர் வட்டாரத்துக் கோயில்களுக்கு வர்ணம் பூசிப் பழகிய கை. 2020-ல் போலீஸ்காரர்கள் அவனைக் கூப்பிட்டு, ஜனங்கள் பயந்து வீட்டுக்குள் இருக்கிற மாதிரி மெயின் ரோட்டில் கொரோனாவை வரையச் சொன்னார்கள். அவனோ உருண்டைக் கிருமிக்கு முறுக்கு மீசையும் கோரைப்பல்லும் வைத்துவிட்டான். யாரும் பயப்படவில்லை. மறுநாள் காலையில் அவன் பெண்டாட்டி கலைமதி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, வேப்பிலை போட்டு, "யாரையும் தொடாம வந்த வழியே போயிரு ஆத்தா" என்று கும்பிட்டாள்.

"மீசை வச்ச ஆத்தாவா?" என்று கேலி செய்தேன்.

"சும்மா இருங்கண்ணே" என்றாள். கலைமதி எனக்கு ஒன்றுவிட்ட தங்கை. அம்மை போட்டால் அம்மனே வந்திருப்பதாகக் கும்பிடுகிற ஊர் எங்களுடையது. நோயிடம் வேறு மாதிரி பேச அவளுக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் மே மாதம் அவளுக்கே காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸ் வருகிற வழியாக இல்லை. என் லோடு வண்டியில் மெத்தையைப் போட்டு, நானும் மலையாண்டியும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உள்ளே இடமில்லை. வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்காரவைத்தோம். கூட யாரும் நிற்கக் கூடாது, பெட் கிடைத்ததும் நாங்களே உள்ளே அழைத்துக்கொள்வோம் என்றார்கள். மலையாண்டி நகரவில்லை. ஊரடங்கு நேரம், திரும்புகிற வழியில் வண்டியைப் பிடித்து வைத்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கு. வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் உண்மை. "மாப்ள, வீட்ல புள்ள தனியா இருக்கு. கெளம்பு, சாயங்காலம் வருவோம்" என்று அவன் தோளைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றியவன் நான்தான்.

கலைமதி முந்தானையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு, "பைய போங்கண்ணே" என்றாள். கிளம்பும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் போகவேண்டிய தேவை இருக்கவில்லை. நாலு மணிக்கே போன் வந்துவிட்டது. மறுநாள் அவளைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து, ஊர் எல்லையில் ஐந்து நிமிஷம் நிறுத்தினார்கள். வாய்க்கரிசி போட முகம் தெரியவில்லை. அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த மகள் இலக்கியா, கையிலிருந்த அரிசியை என்ன செய்வதென்று தெரியாமல் துப்பட்டாவில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

இந்த வருஷம் எங்கள் மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். மண்டபச் சுவரில் ஒரு பழைய படம் உண்டு. எலி விழுந்த வருஷத்துப் படம் என்போம். நூறு வருஷத்துக்கு முன்னால் பிளேக் வந்தபோது, வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் ஊரையே காலி செய்துகொண்டு போய் வயற்காட்டில் குடிசை போட்டுத் தங்குவார்களாம். நோய் கண்டவர்களைக் கூட்டிப்போக மாட்டார்களாம். பேர் தெரியாத யாரோ அதை வரைந்து வைத்திருக்கிறார்கள். சட்டி பானையும் ஆடு கோழியுமாக ஏழு மாட்டுவண்டிகள் வரிசையாகப் போகின்றன. அதில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இடது மூலையில் ஒரு வீடு, அதன் வாசலில் ஒரு பெண். அவளுக்கு முகம் கிடையாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டு மட்டும்தான் இருக்கிறது.

"சோம்பேறிப் பய, ஒரு மொகத்த விட்டுட்டுப் போயிட்டான்" என்று மலையாண்டி முன்பெல்லாம் சொல்லுவான். இப்போது அந்த முகத்தையும் சேர்த்துப் படத்தைப் புதுப்பிக்கவேண்டும் என்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. கமிட்டியில் நானும் ஒருவன். அவனிடம் போய்ச் சொன்னவனும் நான்தான்.

பன்னிரண்டு நாள் வேலை செய்தான். கண்ணைக் கடைசியில்தான் திறக்கவேண்டும் என்பது கோயில் வேலையில் முறை. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. திருச்சியில் ஒரு லேபில் வேலை பார்க்கிற இலக்கியாவும் வந்திருந்தாள். சூடம் காட்டியபின் வாசலில் இருந்த பெண்ணுக்குக் கண் திறந்தான். கலைமதி! இடது புருவத்துத் தழும்புகூடத் தப்பவில்லை. நான் அழுதுவிட்டேன். பெற்ற மகள் கடைசியாகப் பார்க்காத முகம் கோயில் சுவரிலாவது இருக்கட்டும் என்று சந்தோஷமாகவும் இருந்தது.

இலக்கியா ரொம்ப நேரம் பார்த்தாள். "அம்மாவேதாம்ப்பா" என்றாள். பிறகு வண்டிகளைப் பார்த்தாள். "ஆனா எல்லாரும் போறாங்களே. அம்மாவ மட்டும் ஏன் வாசல்ல விட்டுட்டீங்க?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. படத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். மலையாண்டிக்கு முகம் தவறு இல்லாமல் வரவேண்டும் என்பது ஒன்றே நினைப்பாக இருந்திருக்கிறது. அவளை எங்கே உட்காரவைக்கிறோம் என்பதை அவன் யோசிக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பிரஷ்ஷைக்கூடக் கழுவாமல் அவன் எழுந்து வெளியே போய்விட்டான். இலக்கியா ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் முழுக்க மண்டபக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தான். சாயங்காலம் கமிட்டித் தலைவர் ஆண்டிச்சாமியும் நானும் போனோம். ஆறு வண்டிகள் பழையபடியே போய்க்கொண்டிருந்தன. கடைசி வண்டி மட்டும் திரும்பி, மாடுகள் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. வண்டிக்குள் சட்டி பானை இல்லை. ஒரு மெத்தை விரித்திருந்தது.

ஆண்டிச்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "நூறு வருசத்துப் படத்த மாத்துறதுக்கு நீ யாருப்பா? இந்த வண்டி ஏன் தப்பா வருது?"

"தப்பா வரலங்க. ஆள ஏத்த வருது" என்றான் மலையாண்டி.

ஆண்டிச்சாமி வாசலில் இருந்த பெண்ணின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வண்டிக்காரனைப் பார்த்தேன். கையில் கயிறு இருந்தது, தலையில் துண்டு இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டு.

"யாரு மாப்ள ஓட்டுறது?" என்றேன்.

அவன் என்னைப் பார்க்காமல் வர்ணத்தைக் கலக்கிக்கொண்டிருந்தான். "நீங்கதான் சொல்லணும் மச்சான்."

"என்னையவே வரை" என்றேன். "கண்ணு மட்டும் அங்கிட்டு வாசலப் பாத்தே இருக்கட்டும்."