லேசாத்தான் அடிக்கும்

எங்கள் லைன் வீட்டில் அதுவரை யாருக்கும் கரண்ட் அடித்ததில்லை. கரண்ட் அடித்தால் ஆள் செத்துப்போவான், பேப்பரில் போடுவார்கள். எங்களுக்கு அடித்ததெல்லாம் எர்த். மிக்ஸியைத் தொட்டுச் சுர்ரென்றால் "லேசா எர்த் அடிக்குது" என்போம். முழங்கை வரை இழுத்தால் "இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி" என்போம். தூறலையும் மழையையும் பேசுகிற மாதிரிதான். எர்த் என்பது ஆளைக் காப்பாற்ற மண்ணுக்குள் இறக்குகிற கம்பி என்பதே, லைனில் ஒரு சாவு விழுந்த பிறகுதான் எங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்தது.

ஓசூரில் ராயக்கோட்டை ரோட்டை ஒட்டி, ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். நடுமுற்றத்தில் ஒரு குழாய். எல்லோரும் சிப்காட் தொழிற்பேட்டையை நம்பி வந்தவர்கள். நான் கார்மென்ட்ஸில் தையல். பெயர் சாந்தம்மா. பெயரில் இருக்கிற சாந்தம் வாயில் இல்லை என்று லைன் முழுக்கச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்.

அசோக்குமார் என் பக்கத்து வீடு. கல்லாவிக்காரன். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்டில் போர்டு பூட்டுகிற வேலை. பெண்டாட்டி பூங்கொடி காவேரிப்பட்டினத்துப் பெண், சினிமாப் பைத்தியம். கல்யாணமான புதிதில் அவளை ஒரு படத்துக்குக் கூட்டிப்போனான். இடைவேளையோடு ஷிப்டுக்கு ஓடிவிட்டான். அவள் மிச்சப் படத்தைத் தனியாகப் பார்த்துவிட்டு, அழுத கண்ணோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். "அழுகைப் படமாடி?" என்றேன். "இல்லக்கா, காமெடிப் படம்" என்றாள்.

அன்றைக்கு அவன் சொன்னான்: "பாருக்கா, தியேட்டரையே வூட்டுக்குக் கொண்டாந்துடறன்."

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். கடையில் டிவிடி பிளேயர் இருக்கிறதே, வாங்கித் தொலையேன் என்றேன். "அதுல படம் மட்டும்தாங்கா பாக்கலாம். கம்ப்யூட்டர் பூட்டினா கேபிளும் வரும், பாட்டும் வரும், வர்ற படத்தப் புடிச்சும் வெச்சுக்கலாம்" என்றான். ஞாயிறு தவறாமல் பெங்களூர் பஸ் ஏறினான். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அலைந்து, பிறர் கழித்துப்போட்ட போர்டு ஒன்று, கேபிள் இழுக்கிற டியூனர் கார்டு ஒன்று என்று ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தான். அதையெல்லாம் பூட்ட, நசுங்கிய தகரப் பெட்டி ஒன்று. ஸ்பீக்கருக்குப் பலகை அறுத்துத் தானே கூடு செய்தான். கரண்டை உள்ளே வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளையை மட்டும் காயலான் கடையில் எடுத்தான். புதுசு வாங்கக் கையில் காசில்லை. "இதுக்குள்ள என்ன இருக்குது, ஃபேனும் காயிலும்தான்" என்றான்.

பிளக்குக்கு மூன்று கால். எங்கள் சுவரிலோ இரண்டு ஓட்டை. கட்டிங் பிளேயரால் மூன்றாவது காலை ஒடித்தான்.

"நொண்டியாக்கிட்டியேடா" என்றேன்.

"மனுஷனே ரெண்டு கால்ல நடக்கறான். இது நடக்காதாக்கா?"

நடக்கத்தான் செய்தது. படம் வந்தது, பாட்டு வந்தது. பூங்கொடி சந்தோஷத்தில் தகரப் பெட்டியைத் தடவினாள், வெடுக்கென்று கையை இழுத்தாள். அவன் டெஸ்டர் வைத்துப் பார்த்தான். உள்ளே மங்கலாக ஒரு சிவப்பு. "எர்த்துதான். லேசாத்தான் அடிக்கும்" என்றான். எனக்கு அந்தச் சிவப்பு பிடிக்கவில்லை. இருட்டில் பூனைக் கண்ணைப் பார்த்த மாதிரி இருந்தது.

ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் அடிக்காது. ஆனால் அந்த ஒற்றை அறையில்தான் அடுப்பு, அதிலேதான் சாமி படம். வெங்கடாஜலபதி முன்னால் செருப்பா என்று பூங்கொடி ஒரே பிடியாக நின்றாள். கடைசியில் அவள் சீராகக் கொண்டுவந்த மணைப்பலகை வேலைக்கு வந்தது. பலகைமேல் ஏறி நின்று பெட்டியைத் தொடுவார்கள், பட்டனை அமுக்குவார்கள், இறங்குவார்கள். கொஞ்ச நாளில் லைனில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

அசோக்குமார் அதை வைத்து ஒரு கூத்தும் பழகிக்கொண்டான். யாராவது புதிதாகப் படம் பார்க்க வந்தால், பெட்டியில் கை வைத்து, கண்ணைச் செருகி, உடம்பை உதறி, "ஆ... ஆ..." என்பான். பார்க்கிறவர் அலறுவார். இவன் சிரிப்பான். பூங்கொடிகூட வாயைப் பொத்திச் சிரிப்பாள். நான் ஒருநாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனேன். விளையாட்டு வினையாகும்டா என்று கத்தினேன். அதற்கும் சிரித்தான்.

கம்பெனியில் மணிக்கட்டில் பட்டை கட்டி, அதிலிருந்து ஒரு ஒயரை எர்த்தில் மாட்டித்தான் வேலை செய்ய விடுவார்களாம். "அங்க மட்டும் ஒழுங்கா மாட்டிக்கறியே, இங்க என்ன கேடு?" என்று கேட்டேன்.

"அது மனுஷனக் காப்பாத்த இல்லக்கா. நம்ம கை பட்டா போர்டு செத்துடும். போர்டைக் காப்பாத்தறதுக்கு."

சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் யோசித்தான். மறுநாள் லைனுக்குச் சொந்தக்காரர், எங்கள் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பனிடம் போனான். உத்தனப்பள்ளிப் பக்கம் நிலபுலன் உள்ளவர், வாய்க்கு வாய் கன்னடம் கலக்கும். குழி தோண்டிப் பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் கொடுத்துவிடுகிறேன், என் செலவு என்றான். காலி இடம் முற்றத்தின் வடகிழக்கு மூலையில்தான் இருந்தது.

"ஈசான்ய மூலைலயா? பேடப்பா, பேடா. அங்க குழி எடுத்தா குடும்பத்துக்கு ஆவாது" என்றார் கிருஷ்ணப்பன்.

யார் குடும்பத்துக்கு என்று அவர் சொல்லவில்லை. அசோக்குமார் திரும்பி வந்துவிட்டான். குடியிருக்கிறவன் வேறு என்ன செய்வான்.

மழைக்காலம் வந்தது. சுவரெல்லாம் ஈரம் ஊறியது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு நாற்றம் வந்தது. பல்லி ஏதோ உள்ளே போய்க் கருகியிருக்கும் என்றான். திறந்து பார்க்க ஷிப்டு விடவில்லை. டெஸ்டர் வைத்தால் இப்போது மங்கல் இல்லை, பளிச்சென்று எரிந்தது. ஸ்பீக்கரில் பாட்டு இல்லாத நேரத்திலும் ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். வெளியே துணி அலசும்போது எனக்கு அது கேட்கும். சம்பளம் வந்ததும் புது பவர் சப்ளை வாங்கிடறன் என்றான். பூங்கொடியைத் தனியாகக் கூப்பிட்டு, "அது வரைக்கும் அந்தச் சனியனத் தொடாதடி" என்று அதட்டினேன். தொட்டுப் பேசினால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும், கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து கிருஷ்ணப்பன் மகள் பெரியவளானாள். மஞ்சள் நீராட்டுக்குப் பெண்ணை உட்காரவைக்க நல்ல மணைப்பலகை வேண்டும் என்று அவர் பெண்டாட்டி சரோஜம்மாள் வந்து கேட்டாள். பூங்கொடி துடைத்து, மஞ்சள் வைத்துக் கொடுத்தனுப்பினாள். விசேஷம் முடிந்தது, பலகை திரும்பவில்லை. வீட்டுக்காரரிடம் போய்க் கொடுத்ததைக் கேட்க யாருக்கு நா எழும்? பூங்கொடி சத்தியத்தைக் காப்பாற்றினாள், பெட்டிப் பக்கமே போகவில்லை. அசோக்குமார் ஒரு கோணிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் நின்றுகொண்டான்.

விசேஷத்தின் வீடியோ சிடி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். சரோஜம்மாளே அதை எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். "உன் தியேட்டர்ல போடுப்பா, எல்லாரும் பாக்கலாம்" என்றாள். பின்னாலேயே கிருஷ்ணப்பன், பின்னால் லைன் முழுக்க. அசோக்குமார் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வீட்டுக்காரரே தன் வீட்டுத் தரையில் உட்கார வந்துவிட்டார். இதற்காகத்தானே அத்தனை ஞாயிறும் அலைந்தான்.

வெளியே நல்ல மழை. வருகிறவர்கள் கால் துடைக்கட்டும் என்று பூங்கொடி அந்தச் சாக்கை எடுத்து வாசலில் போட்டிருந்தாள். அப்படியும் தரையெல்லாம் ஈரக் கால்தடம். அவனும் அப்போதுதான் குளித்துவிட்டு, தலை துவட்டாமல் வந்தான்.

சிடியைப் பெட்டியில் வைக்கிற தட்டு பாதியில் சிக்கிக்கொண்டது. அவன் கீழே தேடினான்.

"பலகை எங்க பூங்கொடி?"

"அது... அவங்க வூட்ல இருக்குது. போய் எடுத்தாரட்டுமா?" என்று அவள் மெல்லிய குரலில் கேட்டாள். சரோஜம்மாள் காதில் விழக் கூடாதே என்று பயம்.

"வேணாம் வேணாம். எல்லாரும் காத்துகினு இருக்காங்க. லேசாத்தான் அடிக்கும்."

வாசலில் நின்ற நான், "டேய், இருடா!" என்றேன். அதற்குள் ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தட்டை இழுத்தான்.

கண் செருகியது. உடம்பு உதறியது. "ஆ..." என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். கிருஷ்ணப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தார். பூங்கொடி வாயைப் பொத்திக்கொண்டு, "போதும், வூட்டுக்காரர் முன்னாடியா?" என்றாள். அவன் விடவில்லை. பெட்டியோடு சேர்ந்து ஆடிக்கொண்டே இருந்தான். அவனுடைய கூத்து இவ்வளவு நேரம் நீளாது என்று எனக்கு உறைத்தபோது, அவன் பெட்டியோடு சாய்ந்துவிட்டான். நான் எட்டி, வாசல் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன். அதற்குப் பிறகு அந்த அறையில் மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் ஒருவர் எழுத உட்கார்ந்தார். பூங்கொடியைப் பெஞ்சில் என்மேல் சாய்த்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"கரண்ட் அடிச்சுத்தானேம்மா இறந்தாரு?" என்று கேட்டார்.

"இல்லீங்க சார், கரண்டு இல்லீங்க" என்றாள் பூங்கொடி. "எர்த்துதான். அது லேசாத்தான் அடிக்கும். அவரு சும்மா நடிக்கறாரு, நீங்க வேணா போய்ப் பாருங்க."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பூங்கொடியின் தலைக்கு மேலாக, கரண்ட்தான் என்று அவருக்குத் தலையசைத்தேன்.