சூடு பண்ணிக் கொண்டுபோன கார்

என் பழைய கார் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உடனே ஓடாது. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் ஓடும். காலையில் ஸ்டார்ட் செய்தால் இஞ்சினுக்குள் யாரோ ஆணி டப்பாவைக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம். இஞ்சினுக்குள் சுழலும் டைமிங் செயின் அறுந்து, ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு முன்னால் நின்றுவிடுவேன் என்று யூடியூப் பார்த்து முடிவு கட்டினேன். மனைவியிடம் இன்ஷூரன்ஸ் பத்திரம் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டுத்தான் சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் கிளம்பினேன்.

அந்த மெக்கானிக் சலவைச் சட்டைக்காரர். இஞ்சின் சத்தத்தைக் கேட்கும்முன் ஒரு கையைத் தூக்குவார். பக்கத்துக் கடை வெல்டிங் நிற்கும். டீ மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்துவார். கம்பெனி பஸ்கள் மட்டும் நிற்காது. அவை போகும்வரை கை இறங்காது.

என் இஞ்சின் அன்று சமர்த்தாக ஓடியது.

"சத்தம் எங்க சார்?"

"காலைல வந்துச்சுண்ணே! வழியில நின்னுடப் போவுதுன்னு வூட்லயே நல்லா சூடு பண்ணி எடுத்தாந்தேன்."

"ஜுரத்துக்கு மாத்திரை குடுத்து இட்டாந்துட்டு, ஜுரத்தப் பாருன்றீங்களே! வண்டிய வுட்டுட்டுப் போங்க. ஆறினாத்தான் பேசும்."

மறுநாள் காலை மறுபடி கை உயர்ந்தது. ஆறிப்போன இஞ்சின் கடகடவென்று கத்தியது. நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அவர் முகமோ பேத்தி பாடக் கேட்டவர்போலச் சிரிப்பில் மலர்ந்தது.

"செயின் தொங்கிப்போய் கீது சார். அதான் டைமிங் தப்பி இழுக்க மாட்டேங்குது. மாத்திடலாம். இன்னும் நாலு நாள் ஓட்டியிருந்தா இஞ்சினே காலி."

இஞ்சின் பிழைத்தது. காலியாகியிருந்தாலும் இதே சிரிப்பைத்தான் சிரித்திருப்பாரோ என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.