மூப்பர் அடித்த மணி

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் யோகராஜாவின் கடையில் மீன் வெட்டுகிற பஸ்தியாம்பிள்ளையை அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கத் தமிழர் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மூப்பர் என்பார்கள். அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயதுதான். தலை பாதிதான் நரைத்திருந்தது. யோகராஜா சைவக்காரர். இப்படிக் கூப்பிடுவது ஏனென்று அவருக்குப் பிடிபடவில்லை.

"என்ன அண்ணை, வயசு போட்டுது எண்டு உங்களை நக்கலடிக்கினமோ?"

"இல்லைத் தம்பி. அது உத்தியோகம்."

"சம்பளம்?"

"பெருநாளுக்கு ஒரு பொன்னாடை. மற்ற நாளெல்லாம் ஏச்சு."

"அப்ப என்ரை கடை பரவாயில்லை. இங்கை ஏச்சுக்குச் சம்பளமும் இருக்கு."

யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் அந்த உத்தியோகம் பறங்கியர், அதாவது போர்த்துக்கீசர், காலத்தில் வந்தது என்று சொல்வார்கள். அந்த நாட்களில் சுவாமியார் ஊருக்கு வருடத்தில் ஒரு முறையோ இரு முறையோதான் வருவார். மற்ற நேரமெல்லாம் கோயில் சாவி, திறப்பு என்பார்கள், மூப்பரின் கையில் இருக்கும். யாருக்கு யாரோடு கலியாணம் பொருந்தும், எந்த வலை கடலில் எந்த இடத்தில் விழலாம், பெண்சாதிக்கு அடித்தவன் கோயிலுக்கு எவ்வளவு தண்டம் கட்ட வேண்டும், எல்லாம் அவர் சொல்வதுதான். பொலிஸ் வருவதற்கு முன்னம் மூப்பர் வந்துவிடுவார். ஊரில் ஒருவர் இறந்தால் அவர் சொல்லாமல் துக்கமணி அடிக்க முடியாது. மணி கேட்ட பிறகுதான் பெண்சாதி கறுப்பு உடுப்பாள். கிராம அலுவலரான விதானையார் மரணப் பதிவுக்குப் பேனையைத் திறப்பதும் அதற்குப் பிறகுதான்.

பஸ்தியாம்பிள்ளையின் தகப்பனார் மூப்பர். அவருடைய பாட்டனார் மூப்பர். லண்டனில் இவருக்கு ஒரு திறப்பும் இல்லை. ஞாயிறு பூசையில் கடைசி வாங்கில் உட்கார்ந்து, பாதி விளங்கிய ஆங்கிலத்துக்கு முழுமையாக 'ஆமென்' சொல்லிவிட்டு வருவார்.

அவருடைய ஊர்ப் பெண் டொலறஸ், ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிற வேலை பார்த்தாள். அவளுடைய கணவன் சூசைதாசன் எண்பத்தாறில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தொண்ணூற்று நான்கில் மினிகேப் ஓட்டுகிற கஸ்பர் அவளைக் கலியாணம் கேட்டான். அவளுக்கும் விருப்பம்.

அரசாங்கப் பக்கம் பெரிய கரைச்சல் இருக்கவில்லை. ஏழு வருடமாக ஒருவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லையென்றால் அவர் இறந்ததாகக் கொள்ள இந்த நாட்டுச் சட்டத்தில் இடமிருந்தது. வழக்கறிஞர் ஒருவர் பார்த்து, நீதிமன்றம் ஒரு தாள் கொடுத்தது. கோயிலில்தான் நின்றது. எத்தனை வருடம் போனாலும், வராமல் இருப்பது இறந்ததாகாது என்பது திருச்சபைச் சட்டம். இறந்தான் என்று மனதார நம்ப ஒரு சாட்சி வேண்டும்.

டொலறஸ் பங்குமனையில் வாக்குமூலம் கொடுத்தாள். மொழிபெயர்க்க வந்தவர் இளங்கோவன். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, படித்து முடித்து, கவுன்சிலில் கணக்கு வேலையில் இருந்த நல்ல மனிதர். யாருக்குத் தமிழ் வேண்டுமென்றாலும் லீவு போட்டுவிட்டு வருவார்.

"அவர் செத்தது ஊருக்கே தெரியும் சுவாமி. மூப்பர் மணி அடிச்சவர்" என்றாள் டொலறஸ்.

இளங்கோவன் அதை ஆங்கிலத்தில் சொன்னார். சில வாரங்களில் மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கஸ்பர் அதை மீன் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"கேளுங்கோ அண்ணை. 'வயோதிபர் ஒருவர் மணி அடித்தார் என்பது மரணத்துக்குச் சான்றாகாது.' ஆரது வயோதிபர்?"

பஸ்தியாம்பிள்ளை கத்தியை வைத்தார். யோகராஜா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் உள்ளே போனார். ஆனால் பஸ்தியாம்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சொல் பிழைத்ததில் ஒரு பெண்ணின் கலியாணம் நின்றுவிட்டது. அதைவிட, அந்தச் சொல் சரியாகப் போயிருந்தால் அடுத்த கேள்வி தன்னிடம்தான் வரும் என்பதும் அவருக்குத் தெரியும். எட்டு வருடமாக அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பஸ்தியாம்பிள்ளையும் கஸ்பரும் பங்குத்தந்தையிடம் போனார்கள். ஃபாதர் மனுவேல் பிலிப்பைன்ஸ் நாட்டவர். மூப்பர் என்றால் யார் என்பதைக் கஸ்பர் தன் டிரைவர் ஆங்கிலத்தில் விளக்க விளக்க, அவருடைய முகம் மாறியது. தன் தாயின் வழியில் ஒரு பூட்டனார் அப்படித்தான் இருந்தார் என்றார். ஸ்பானியர் காலம் அது. அவர்களுடைய தீவில் கோயிலும் அரசாங்கக் கச்சேரியும் ஒரே மேசையில் நடந்தன. பள்ளிக்கூடம், பாலம், ஊர்த்தலைவன் தேர்வு, எதுவானாலும் பாதிரியாரின் கையெழுத்து விழ வேண்டும். பூட்டனாருக்குக் கீழே சில குடும்பங்கள். அவர்களைப் பூசைக்குக் கூட்டிவருவதும் அவர்தான், அவர்களிடம் அரச வரி தண்டுவதும் அவர்தான். வரிப்பட்டியலில் ஒரு பெயர் குறைந்தால் மேலிடம் கேட்கும். அதனால் இறந்தவர்களின் பெயரை அவர் வெட்டவில்லை.

"செத்தவர்கள் வரி கட்டினார்கள். உண்மையில் கட்டியது அவர்களுடைய விதவைகள்" என்றார் ஃபாதர் மனுவேல்.

கஸ்பர் இதைத் தமிழில் சொன்னபோது பஸ்தியாம்பிள்ளை தலையாட்டினார். "எங்களுக்குப் பறங்கி, உங்களுக்கு ஸ்பானியன். வேலை ஒண்டுதான், சுவாமி."

மூப்பரே நேரில் வந்து சாட்சி சொல்ல ஃபாதர் மனுவேல் ஒழுங்கு செய்தார்.

திரும்பி வரும்போது காரில் கஸ்பர் கேட்டான். "அண்ணை, உதை ஒரே சொல்லிலை முடிக்கலாம். சடலத்தைப் பாத்தனான் எண்டு சொல்லுங்கோ."

"பாத்தனான்."

கஸ்பர் காரை ஓரமாக நிறுத்திவிட்டான். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது.

"பாத்தனீங்களோ? பிறகேன் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை?"

"பாத்தது ஆரை எண்டு தெரியாது."

பிறகு, வைப்பரை நிறுத்த மறந்த காருக்குள், அவர் சொன்னார். அன்று வள்ளத்தில் போனவர்கள் இரண்டு பேர்: சூசைதாசனும் திரேசம்மாவின் கணவன் அந்தோனிமுத்துவும். கடலில் சூட்டுச் சத்தம் கேட்டது. மறுநாள் வள்ளத்தின் முன்பாதி கரை தட்டியது. அதற்குப் பிறகு பல நாள் கழித்து, ஆட்கள் போகாத மணலில் ஒரு உடல் ஒதுங்கியது. கடலும் மீனும் முகத்தை விட்டுவைக்கவில்லை. இருவரும் ஒரே உயரம், ஒரே வயது. சுவாமியார் பட்டணத்தில் அகப்பட்டிருந்தார். விதானையார் ஊரைவிட்டே போய்விட்டார். முடிவு சொல்ல மூப்பர் மட்டும்தான் இருந்தார். அவரும் சங்கிலித்தாமாகக் கோயில் வேலை பார்த்த கிழவனும் உடலைத் தூக்கிச் சேமக்காலையில் புதைத்தார்கள். யாருக்கும் சொல்லவில்லை. பிறகு இரண்டு பேருக்கும் தனித்தனியாகத் துக்கமணி அடித்தார். சங்கிலித்தாம் கிழவன் அடுத்த மாரியில் இறந்துபோனான்.

"அப்ப அது சூசைதாசன் எண்டே சொல்லுங்கோவன். ஆர் வந்து கேக்கப்போகினம்?"

"திரேசம்மா கேப்பா."

"அவ இந்தியாவிலை முகாமிலை இருக்கிறா. அவவுக்கு எங்கை தெரியப்போகுது?"

"சூசைதாசன் எண்டு நான் சத்தியம் பண்ணினா, அவளின்ரை மனுசனைத் திருப்பித் தூக்கிக் கடலிலை போடுறது மாதிரி, கஸ்பர்."

"பண்ணாட்டி?" கஸ்பரின் குரல் உடைந்தது. "பண்ணாட்டி, டொலறஸ் சாகும் மட்டும் செத்தவனுக்குப் பெண்சாதியாக் கிடக்கிறதோ?"

ஊரில் இருந்திருந்தால் யாரும் அவரிடம் இப்படிக் குரலை உயர்த்தியிருக்க மாட்டார்கள். உயர்த்தியிருந்தாலும் அவர் ஏதாவது ஒன்றைத் தீர்ப்பாகச் சொல்லியிருப்பார். அது சரியா பிழையா என்று பிறகு யோசித்துக்கொண்டிருக்கவும் மாட்டார்.

விசாரணை நாளில் டொலறசும் வந்தாள். கறுப்புக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள். விசாரித்தவர் வயதான ஆங்கிலேயக் குரு. காது சற்று மந்தம், குரல் மென்மை. இளங்கோவன் தொடங்கும் முன்பே எழுந்து நின்றார்.

"மன்னிக்கணும் ஐயா. எங்க பக்கம் மூப்புன்னா வயசு. நீங்க சொன்னது பதவின்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"பரவாயில்லை. இனி வயசும் வந்திட்டுதுதானே" என்றார் பஸ்தியாம்பிள்ளை.

வேதப்புத்தகத்தில் கை வைத்தார். வள்ளம், சூட்டுச் சத்தம், முன்பாதி, எல்லாம் சொன்னார். உடல் என்ற சொல் வந்தபோது டொலறஸ் நிமிர்ந்தாள். அவளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கஸ்பருக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டியவர் தான்தான் என்று பஸ்தியாம்பிள்ளை பலமுறை வெளிக்கிட்டு, அவளுடைய வீதி முனை வரை போய்த் திரும்பியிருந்தார்.

குரு கேட்டார். இளங்கோவன் தமிழில் சொன்னார்: "அந்த உடல் சூசைதாசனுடையதா?"

டொலறசின் கை கோட்டின் மேல்பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. 'ஓம்' என்பது சின்னச் சொல். அது நாக்கின் நுனிவரை வந்ததை அவர் உணர்ந்தார்.

"தெரியாது, சுவாமி."

"தெரியாமல் எப்படி இரண்டு பேருக்கும் மணி அடித்தீர்கள்?"

"இரண்டு பேரும் திரும்பி வரமாட்டினம் எண்டது எனக்குத் தெரியும். அந்த வள்ளத்தைப் பாத்த ஆருக்கும் தெரியும். எவன் மண்ணிலை, எவன் கடலிலை எண்டதுதான் தெரியாது. ஒரு பொம்பிளைக்குக் குழியும் மற்றவளுக்கு வெறும் கடலும் எண்டு பிரிச்சுக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. மணி அடிக்க அதிகாரம் இருந்தது. அதை இரண்டு பேருக்கும் சமனாக் குடுத்தன்."

இளங்கோவன் இதை மிக மெதுவாக, சொல் சொல்லாக ஆங்கிலத்தில் வைத்தார். குரு எழுதுவதை நிறுத்தினார். வேறு கேள்வி கேட்கவில்லை.

ரயிலில் வரும்போது டொலறஸ் எதிர் இருக்கையில் இருந்தாள். செவன் கிங்ஸ் நிலையம் தாண்டும்போது மட்டும் ஒரு முறை அவரைப் பார்த்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

முடிவு தவக்காலத்துக்கு முன் வந்தது. சூசைதாசன் இறந்தவரே, டொலறஸ் மணம் செய்யத் தடையில்லை. எந்தப் பதில் அவர்களை நம்பவைத்தது என்று அதில் எழுதியிருக்கவில்லை. பொய் சொல்ல வசதியான இடத்தில் ஒருவர் 'தெரியாது' என்றதனாலா, அல்லது உடைந்த வள்ளமே போதுமாக இருந்ததா? பஸ்தியாம்பிள்ளை அதைப் பற்றி நிறைய யோசித்தார். கிடைத்தது நீதியா இரக்கமா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் மணமக்களின் பெயரை வாசிப்பார்கள். அதை ஓலை என்பார்கள். முதலாம் ஓலைக்கு ஃபாதர் மனுவேல் நாள் குறித்திருந்தார். அதற்கு முந்திய சனிக்கிழமை காலை டொலறஸ் கடைக்கு வந்தாள். வெளியே கஸ்பர் காருக்குள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான்.

"ஓலை வாசிக்க வேண்டாம் எண்டு சுவாமிக்குச் சொல்லிப்போட்டன், மூப்பர்."

"ஏன் பிள்ளை?"

"எட்டு வருசம் கடலைப் பாத்துத்தான் செபம் சொன்னனான். ஒரு குழி இருக்குது எண்டு தெரிஞ்சிருந்தா மண்ணைப் பாத்தும் சொல்லியிருப்பன். பாதிக் குழி எண்டாலும் காணும் எனக்கு. நீங்கள் ஆர், அதை வேண்டாம் எண்டு முடிவெடுக்க?"

மீன் வாங்க நின்ற இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பஸ்தியாம்பிள்ளை ஏப்ரனில் கையைத் துடைத்தார். மூப்பர் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எனக்கு இப்ப தெரியும். திரேசம்மாக்காவுக்குத் தெரியாது. அவவுக்குத் தெரியாமல் நான் மாலை போட ஏலாது. சொல்லுங்கோ அவவுக்கு. இப்ப சொல்லுங்கோ."

அவள் கையில் முகாமுக்குப் பக்கத்திலிருந்த தொலைபேசிக் கடையின் நம்பர் இருந்தது. யோகராஜா எதுவும் கேட்காமல் போனைக் கல்லாவுக்கு மேலே எடுத்து வைத்தார். வாடிக்கையாளர்களிடம், "ஒரு பத்து நிமிசம் பொறுங்கோ, பிள்ளையள்" என்றார். முகாமுக்குள் ஆள் போய்க் கூட்டிவரும்வரை காத்திருந்தார்கள். வரிசையில் நின்றவர்களில் ஒருத்திகூடப் போகவில்லை.

"ஆர் கதைக்கிறது?" என்றாள் திரேசம்மா.

"பஸ்தியாம்பிள்ளை." பிறகு, வேறு வழியில்லாமல், "மூப்பர்" என்றார்.

"சொல்லுங்கோ, மூப்பர்."

நின்றபடியே சொன்னார். விசாரணையில் சொன்னதைவிடக் குறைவாகத்தான் சொன்னார். ஆனால் அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"கழுத்திலை மாதாவின்ரை உத்தரியக் கயிறு கிடந்ததே?" என்றாள் திரேசம்மா.

"கிடந்தது."

"இரண்டு பேரும்தான் போட்டிருந்தவை. மாதா திருநாளிலை நீங்கள்தானே எல்லாருக்கும் குடுத்தனீங்கள்."

"ஓம்."

"எந்தப் பக்கம் தாட்டனீங்கள்?"

"மேற்கு மதிலோடை. பூவரசுக்குக் கீழை."

அவள் அதைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "டொலறஸ் பக்கத்திலை நிக்கிறாளோ? குடுங்கோ."

டொலறஸ் போனை வாங்கி, "அக்கா" என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். "ஓம் அக்கா" என்றாள். "நானும் அப்பிடித்தான், அக்கா" என்றாள். கன்னத்தால் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. கடைசியில் மிகத் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள், அந்தப் பக்கத்தில் இருப்பவளுக்கு அது தெரியும் என்பதுபோல.

போனை வைத்துவிட்டுப் பஸ்தியாம்பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"ஓலையை வாசிக்கட்டாம்."